கையைக் கண்டாலே ஓடும் குஞ்சுகள்

கேள்வி: ஏற்காட்டில் செம்மடுவு பக்கம் இருக்கிறோம். சேலத்திலிருந்து பதினைந்து நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கி வந்தோம். பொரித்து இன்றைக்குப் பத்து நாள். அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வைத்திருக்கிறோம். தீவனம் வைக்கக் கையை நீட்டினாலே மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஏழு வயது மகளுக்குத் தூக்கிக் கொஞ்ச ஆசை. இனிமேல் பழக்க முடியுமா?

முடியும். ஆனால் சுலபமான நாட்கள் போய்விட்டன. டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளின் கண்ணை உடனே மூடிவைத்துப் பார்த்து, அதைப் பற்றி 1873-இல் எழுதினார். ஓரிரு நாளில் கண்ணைத் திறந்துவிட்ட குஞ்சுகள் அவரையே தாயென்று நினைத்துப் பின்னாலேயே ஓடின. ஏறக்குறைய நாலு நாள் மூடியிருந்தவையோ அவரைக் கண்டதும் மிரண்டு ஓடின. அந்த மூன்று நாலு நாளில்தான் புதியதைக் கண்டு அஞ்சும் புத்தி வருகிறது. ஆக, உங்கள் குஞ்சுகள் உங்களைத் தாயென்று நினைக்கப்போவதில்லை. தீங்கு செய்யாத ஆள் என்று நம்பினால் போதும்.

அதற்கு முன் ஒன்று பாருங்கள். யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றனவா? அப்படியென்றால் அது பயமல்ல, குளிர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தில் குஞ்சுக்குப் போதுமான பல்பு, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த பிறகு போதாது. எல்.இ.டி. பல்பு போட்டிருந்தால் வெளிச்சம் மட்டும்தான் வரும்; சூடு வேண்டுமானால் பழைய குண்டு பல்புதான். முதல் வாரம் குஞ்சுகளின் மட்டத்தில் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும். அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லாவிட்டால் குஞ்சுகளே சொல்லும்: பல்புக்கு அடியில் நெருக்கிக்கொண்டு கத்தினால் குளிர், ஓரமாய்ப் போய் வாயைப் பிளந்தால் சூடு அதிகம், பரவலாய்ப் படுத்து மெல்ல முனகினால் சரி. மழை நாளில் கரண்ட் போகும். சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வேண்டாம். அதன் புகை குஞ்சை மட்டுமல்ல, ஆளையும் கொல்லும். நடுங்கும் குஞ்சைப் பழக்க முயல்வது வீண் வேலை.

இனி கை விஷயம். குஞ்சுக்கு ஆபத்து பெரும்பாலும் மேலிருந்துதான் வருகிறது. பருந்தைப் பார்த்தே இராத குஞ்சும், தலைக்கு மேல் எதுவாவது இறங்கினால் ஒடுங்கும். பெட்டிக்குள் எட்டிக் குனியும் நீங்கள் அதற்கு அந்தப் பருந்துதான். கை எவ்வளவு அன்பாய் வந்தாலும் பலனில்லை. அதனால் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டிக் கதவு மாதிரி திறக்கும்படி செய்யுங்கள். தரையில் உட்காருங்கள். உள்ளங்கையை மேல்நோக்கித் தரையோடு வைத்து, அதில் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பொடித்துப் போடுங்கள். கரையான் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை. பத்து நிமிடம் கையை அசைக்காதீர்கள். முதல் நாள் ஒன்றும் வராமல் போகலாம். எந்தக் கூட்டத்திலும் துணிந்த குஞ்சு ஒன்று இருக்கும். அது ஒரு கொத்து கொத்திவிட்டு ஓடும், திரும்ப வரும். மற்றவை அதைப் பார்த்துத்தான் வரும். இடையில் ஆசைப்பட்டு ஒன்றை அமுக்கிப் பிடித்தீர்களோ, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் தொடங்கியிருக்கிறேன்.

தாய்க்கோழி இரையைக் கொத்திக் காட்டித்தான் குஞ்சுகளைக் கூப்பிடும். நீங்களும் விரல் நுனியால் தீவனத்தைத் தட்டிக்கொண்டே 'பா பா பா' என்று கூப்பிடுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி கூப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை போதும்.

கையில் ஏறிக் கொத்த ஆரம்பித்த பிறகு தூக்கலாம். மகள் தரையில் உட்கார்ந்திருக்கட்டும். நின்றுகொண்டு தூக்கினால் குஞ்சு துள்ளி விழும். கீழிருந்து இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். நெஞ்சைச் சுற்றி இறுக்கவே கூடாது. பறவைகளுக்கு நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் என்ற மூச்சுத் தசை கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. குழந்தைகள் ஆசையாய்ப் பிடித்த பிடியிலேயே குஞ்சு செத்துப்போவது இதனால்தான். இரண்டு நிமிடம் வைத்திருந்துவிட்டுச் சூட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். முத்தம் வேண்டாம், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பார்க்க நன்றாக இருக்கும் குஞ்சின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பெட்டிக்குள் வழுவழுப்பான செய்தித்தாள் விரித்திருந்தால் எடுத்துவிட்டு உமி பரப்புங்கள். வழுக்கும் தரையில் குஞ்சின் கால் அகன்றுவிடும்.

ஏழாம் நாள் போட வேண்டிய வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்தைப் போடாமல் விட்டிருந்தால் உடனே கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். மருந்து போடும் நாளில் பழக்கும் வேலைக்கு விடுமுறை.

கொடாப்பில், அதாவது கவிழ்த்து மூடும் கூடையில், தாயோடு குஞ்சு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் பாதிதான். தாய் மிரண்டால் குஞ்சும் மிரளும். முதலில் தாயைக் கையில் தின்னப் பழக்குங்கள். குஞ்சுகள் தானாக வரும்.

மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். பதினைந்தில் பாதியளவு சேவலாக இருக்கும். மடியிலேயே வளர்ந்த சேவலுக்கு ஆள் பயம் விட்டுப்போகும். வளர்ந்த பின் காலில் பாய்ந்து கொத்துவதைப் பார்த்திருக்கிறேன். தோளில் ஏற்றிக்கொள்வதெல்லாம் பெட்டைகளோடு நிற்கட்டும். எது சேவல் என்று கொண்டையைப் பார்த்துச் சொல்ல ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை பதினைந்தும் அவளுடையவைதான்.