அனீல் பண்ணதும் (சூட்டுல கொஞ்ச நேரம் வச்சு எடுத்ததும்) அலுமினிய ரிப்பன் ஒடியுதா? டிஎஸ்சி பீக்க நம்பி சூடு வைக்காதீங்க

பெங்களூர்ல எம்.டெக் ப்ராஜெக்ட் பண்ற ஒரு தம்பி கேட்டிருக்காரு: அணு சதவீதத்துல அலுமினியம் 87, நிக்கல் 8, யிட்ரியம் 5, மெல்ட் ஸ்பின்னிங்ல (உருக்கின உலோகத்த சுத்துற வீல் மேல ஊத்தி சட்டுனு ஆற வைக்கிற முறை) எடுத்த படிகமில்லாத (அமார்ஃபஸ்) ரிப்பன் அப்படியே ரெண்டா மடங்குச்சு, டிஎஸ்சில (சூடு ஏத்தும்போது எந்த சூட்டுல படிகமாகி வெப்பம் வெளிய வருதுன்னு காட்டுற கருவி) முதல் பீக் 210 டிகிரி பக்கம், ரெண்டாவது 330 பக்கம், நடுவுல இருக்கட்டும்னு 300 டிகிரி சொல்லி பீன்யாவுல ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்ல 1 மணி நேரம் போட்டேன், இப்ப தொட்டாலே ஒடியுது, அலாய் சரியில்லையா?

அலாய் நல்ல அலாய்தான் தம்பி, அந்த 300தான் கெடுத்துருச்சு. டிஎஸ்சி பீக்ங்கறது நிமிஷத்துக்கு 20 டிகிரின்னு ஏத்திக்கிட்டே போகும்போது வர்ற நம்பர், ஏத்துற வேகத்த மாத்தினா பீக்கும் நகரும், அதை வச்சுதானே கிஸ்ஸிஞ்சர் பிளாட்டே (படிகமாக எவ்வளவு ஆற்றல் வேணும்னு கணக்கு போடுற வரைபடம்) போடுறோம். ஒரே சூட்டுல 1 மணி நேரம் நிறுத்தினீங்கன்னா 330ல காட்டின வேலை 300லயே தாராளமா முடிஞ்சிரும். அதாவது நீங்க ரெண்டாவது பீக்கோட கட்டத்தையும் தாண்டிட்டீங்க.

முதல் கட்டத்துல பிறக்கறது வெறும் அலுமினியம் படிகம், 5லருந்து 20 நானோமீட்டர்தான் இருக்கும். அதுக்குள்ள யிட்ரியத்துக்கு இடம் கிடையாது, வெளிய தள்ளப்படுது, ஆனா பெரிய அணு, மெதுவாத்தான் நகரும், அதனால படிகத்த சுத்தியே தேங்கி நின்னு அதை வளர விடாம அடக்கி வைக்குது. இந்த அலாய் குடும்பத்தோட அழகே இதுதான்னு நான் சொல்வேன். 1988ல ஜப்பான்ல இனோவே குழுவும் அமெரிக்காவுல ஹீ, பூன், ஷிஃப்லெட்டும் தனித்தனியா இந்தக் குடும்பத்த வெளிய கொண்டு வந்தாங்க; ரொம்ப உறுதியான அலுமினியம்னு சொல்ற 7075 டி6 கம்பியோட இழுவிசை வலிமையே 570 எம்பிஏ (மெகாபாஸ்கல்) பக்கம்தான், இதுல 1000ஐ தாண்டலாம், படிகம் பொடியா அளவா பரவினா 1500 வரைக்கும் போயிருக்காங்க. ரெண்டாவது கட்டத்துல அலுமினியம்-நிக்கல், அலுமினியம்-யிட்ரியம் காம்பவுண்டுகள் வந்துடும், அப்புறம் கண்ணாடி மாதிரி நொறுங்கத்தான் செய்யும்.

அதனால 170லருந்து 190க்குள்ள வைங்க, 5, 10, 20 நிமிஷம்னு தனித்தனி துண்டா. ஷாப் ஃபர்னஸ் வேணாம், அது 6061 மாதிரி சாதா அலுமினிய அலாய்ல செஞ்ச பெரிய ஜாப மணிக்கணக்கா ஏஜ் பண்றதுக்கு (சூட்டுல வச்சு உறுதியாக்கறதுக்கு), உங்க ரிப்பனோ 30 மைக்ரான். ஆர்கான் விட்டு டிஎஸ்சி பேன்லயே (சாம்பிள் வைக்கிற குட்டித் தட்டு) பண்ணிடுங்க, அப்படியே திரும்ப ஓட்டி முதல் பீக்ல எவ்வளவு வெப்பம் மிச்சம் இருக்குன்னு பாத்தா எவ்வளவு படிகமாச்சுன்னும் தெரிஞ்சிரும். ஒவ்வொரு துண்டையும் மடக்கிப் பாருங்க, ஒடிய ஆரம்பிக்கற இடத்துக்கு முன்னாடி நிறுத்திக்கணும்.

எக்ஸ்ஆர்டில (எக்ஸ்-ரே விட்டு படிகம் இருக்கான்னு பாக்கற சோதனை) ஒண்ணு கவனிங்க, அலுமினியத்தோட முதல் பீக் 38.5 டிகிரி கோணத்துல, சரியா படிகமாகாத பகுதி காட்டுற அந்த அகலமான மேட்டு மேலயே உக்காரும், கொஞ்சம் படிகம் இருந்தா கண்ணுக்கே படாது, 44.7லயும் 65லயும் தேடுங்க. வீல் படாத பக்கத்தையும் எடுங்க, அந்தப் பக்கம்தான் மெதுவா ஆறியிருக்கும்.

அடுத்த தடவ உருக்கும்போது குவார்ட்ஸ் ட்யூபுக்கு உள்ள போரான் நைட்ரைட் பூசிடுங்க, யிட்ரியம் குவார்ட்ஸ்ல இருக்கற சிலிக்காவோட ரியாக்ட் ஆகி குறைஞ்சு போச்சுன்னா முதல் பீக்கே கீழ இறங்கிடும், அப்புறம் மேல சொன்ன 170, 190 எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.