பட்டத்தின் பெயரில் ‘மரபணு’ இருந்தால் போதாது

அம்மா, டிஎன்ஏ மைக்ரோஅரே (தகட்டில் டிஎன்ஏ புள்ளிகளை வைத்து, எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று சாயத்தின் ஒளியால் அளக்கும் கருவி) பற்றிப் படித்ததிலிருந்து உங்கள் மகள் மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சிதான் என்று பிடிவாதமாக இருக்கிறாள். உங்கள் அண்ணனோ, கடன் வாங்கியாவது மரபணுப் பொறியியலில் சேர்த்துவிடு என்கிறார். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அண்ணன் சொல்வது தவறு.

அந்தப் பட்டத்தில் பல இடங்களில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்காட்டுவார்கள். கிட் (தயார்நிலையில் விற்கும் சோதனைப் பொருள்கள்) பெட்டியில் எழுதியுள்ளபடி கலக்கப் பழகலாம்; கிட் சொதப்பும் நாளில் காரணம் கண்டுபிடிக்க வேதியியல் வேண்டும். மைக்ரோஅரேயையே பாருங்கள். அதில் பயன்படும் சை5 என்ற சிவப்புச் சாயம் காற்றிலுள்ள ஓசோன் பட்டால் சிதையும். ஸ்கேன் செய்யத் தாமதித்தால் சிவப்பு மங்கி, ஏதோ மரபணு அடங்கிவிட்டதுபோலத் தோன்றும். உயிரியல் மட்டும் தெரிந்தவர் அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடுவார்.

இன்னொன்று. 1995-ல் அரபிடாப்சிஸ் செடியின் 45 மரபணுக்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்து அளந்து காட்டிய முறை இது. இன்று மரபணு வெளிப்பாட்டை அளக்கும் வேலையில் பெரும்பகுதி, செல்லிலுள்ள மரபணு நகல்களை வாசித்து எண்ணும் ஆர்என்ஏ வரிசையறிதலுக்குப் போய்விட்டது. குரோமோசோம் பரிசோதனையில் அரே இன்னும் நிற்கிறது. ஒரு கருவியை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

நான் சொல்வது வேதியியல் இளநிலை, பிறகு கரிம வேதியியலில் முதுநிலை, அங்கிருந்து நியூக்ளிக் அமில வேதியியல், அதாவது டிஎன்ஏ, ஆர்என்ஏ இழைகளின் வேதியியல். உறவினர் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். செயற்கை டிஎன்ஏ இழையை இன்றும் பெரும்பாலும் அமெரிக்க வேதியியலாளர் மார்வின் கருதர்ஸ் குழு 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய பாஸ்போரமிடைட் முறையில்தான் செய்கிறார்கள். நுண்துளைக் கண்ணாடி மணிகளின் மேல், இழையின் 3′ எனப்படும் முனையிலிருந்து, A, T, G, C என்ற டிஎன்ஏ எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோர்ப்பார்கள். அமிலம் விட்டால் இழை முனையைத் தற்காலிகமாக மூடியிருக்கும் டிரைட்டில் காப்பு கழன்று கரைசல் பளிச்சென்று ஆரஞ்சு நிறமாகும். டெட்ரசோல் போன்ற தூண்டியுடன் அடுத்த எழுத்து சேரும். சேராமல் நின்ற இழைகளை அசிட்டிக் அன்ஹைட்ரைடு அடைக்கும். அயோடின் பிணைப்பை உறுதியாக்கும். பிறகு மறுபடி அமிலம்.

அந்த ஆரஞ்சு நிறம்தான் கண்காணிப்பாளர். எந்தச் சுற்றில் வெளிறுகிறதோ, அதற்கு முந்தைய இணைப்பில் கோளாறு. பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்: அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானில் ஈரம் பத்து லட்சத்தில் 30 பங்கைத் தாண்டினாலே இணைப்பு குறையத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றும் 99 சதவீதம் வெற்றி என்றாலும் 100 எழுத்து இழையில் முழு நீளம் கிடைப்பது சுமார் 37 சதவீதம். 98 என்றால் வெறும் 13 சொச்சம். அமிலத்தை அதிக நேரம் விட்டாலோ அடினைன் (A எழுத்து) உதிர்ந்துவிடும்.

பிசிஆர் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) தொடங்கத் தேவையான பிரைமர் என்ற குட்டி இழை தயாராவது இதே வழியில்தான். 2016-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சென், 2018-ல் வந்த படிசிரான் ஆகிய மருந்துகளுக்கும் அடித்தளம் இந்த வேதியியல்தான். தயாரிப்பு, எச்பிஎல்சி (கலவையைப் பிரித்தெடுக்கும் கருவி) சுத்திகரிப்பு, நிறைமாலைச் சோதனை (மூலக்கூறின் எடை பார்ப்பது), தரக்கட்டுப்பாடு என்று முதுநிலையோடு நிற்பவருக்கும் வேலை உண்டு.

பணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெயருக்காக இளநிலைப் படிப்புக்குப் பெருங்கடன் வேண்டாம். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை தராமல் கட்டணம் மட்டும் கேட்கிற இடத்துக்குப் போகவே கூடாது. பள்ளிக்குப் பிறகு முனைவர் வரை பத்து வருடம் ஆகலாம். இதை அண்ணனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

மகளிடம் ஒன்று கேளுங்கள்: அவளை இழுத்தது இழையைச் செய்வதா, மைக்ரோஅரே புள்ளிகளிலிருந்து விடை எடுப்பதா? இரண்டாவது என்றால், கரிம வேதியியல் அவளுக்குக் கசக்கிறது என்றால், நான் சொன்னதை விட்டுவிடுங்கள். புள்ளியியலும் கணினியும் படிக்கட்டும். என் யோசனை என்பதற்காகக்கூட அவளைத் தள்ளாதீர்கள்.

வேதியியல்தான் என்றால், கல்லூரியில் கட்டிடத்தைப் பார்க்காமல் முதுநிலை மாணவர்களைத் தனியே பிடித்து, எச்பிஎல்சியை யார் ஓட்டுகிறார்கள் என்று விசாரியுங்கள். “சார் ஓட்டிக் காட்டுவார்” என்றால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.