சாப்பிட்டபின் வயிறு கனப்பது அஜீரணம்தானா? வீட்டிலேயே சரிசெய்யலாமா?

சாப்பிட்டதும் நெஞ்சுக்குழி கனக்கிறது, புளித்த ஏப்பம் வருகிறது, வீட்டு வைத்தியம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுப்பவராக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

சாப்பிட்ட சிறிது நேரத்தில் மேல்வயிறு உப்புவது, கொஞ்சம் உண்டாலே வயிறு நிறைந்துவிடுவது, ஏப்பம், குமட்டல், நெஞ்செரிச்சல் ஆகியவையே அஜீரணத்தின் வழக்கமான அடையாளங்கள். விருந்துக்கு மறுநாள் வந்து, ஒரு வேளை வயிற்றைக் காயப்போட்டதும் தணிந்துவிடுமானால் அஞ்ச வேண்டியதில்லை. திருவையாற்றுப் பக்கம் எங்கள் வீட்டில் அன்று சீரகத் தண்ணீரும், சுண்டைக்காய் வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு சேர்த்து அரைத்த அங்காயப்பொடி போட்ட சூடான சோறும் மட்டுமே. இவற்றைவிடவும், இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுவதுதான் எனக்கு அதிகம் உதவியது.

ஆனால் என் தந்தைக்கு வந்ததையும் நாங்கள் அஜீரணம் என்றுதான் நினைத்தோம். சம்பா நடவு முடிந்து களையெடுப்பு நடந்துகொண்டிருந்த புரட்டாசி மாதம் முதல் அவர் வயிறு மந்தமாக இருக்கிறது என்று சொல்லிவந்தார். அம்மா ஓமக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்; தீபாவளி வந்ததும் நானே சுக்கும் திப்பிலியும் வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறிய லேகியத்தைக் காலையும் மாலையும் உருட்டிக் கொடுத்தேன். முழங்கால் வலிக்காக அவர் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்கி, விடியற்காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சில நாட்களாக மலம் தார்போலக் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனதை அவர் கவனித்திருக்கிறார். லேகியம் கறுப்பாக இருப்பதால் அப்படிப் போகிறது என்று நினைத்து, யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் காலை வரப்பிலேயே மயங்கி விழுந்தார்.

தஞ்சாவூரில் எண்டோஸ்கோப்பி (வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை) செய்தபோது இரைப்பையில் புண் இருப்பதும், அதிலிருந்து இரத்தம் கசிந்திருப்பதும் தெரிந்தன; மலம் கறுத்ததும் அந்த இரத்தத்தால்தான். இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் அளவு 7 கிராமுக்கு இறங்கியிருந்ததால் இரத்தம் ஏற்றினார்கள். காரம் தின்பதால்தான் வயிற்றுப் புண் வருகிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியும், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளுமே முக்கியக் காரணங்கள் என்று மருத்துவர் விளக்கினார். இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் சுரப்பை அம்மாத்திரைகள் குறைத்துவிடுகின்றன. கிருமிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததால், மாத்திரைதான் காரணம் என்றார். வயது முதிர்ந்த விவசாயி ஒருவருக்கு வாரக்கணக்கில் அந்த மாத்திரையைக் கொடுத்த கடைக்காரர், சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

நாட்டு வைத்தியத்தைப் பழிக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லேகியம் புண்ணை உண்டாக்கவில்லை. ஆனால் நாங்கள் அதை நம்பியிருந்த நாட்களில் புண் முற்றியது. ஆகவே, கஷாயம் வைப்பதற்கு முன் வேறு என்ன மாத்திரை உண்கிறீர்கள் என்பதை எண்ணிப்பாருங்கள். கறுத்த மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைதல், விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், ஐம்பத்தைந்து வயதைக் கடந்தபின் இத்தொல்லை புதிதாகத் தொடங்கினாலும் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். நெஞ்சு அழுத்தத்தோடு வியர்வையும், தாடைக்கோ கைக்கோ பரவும் வலியும் சேர்ந்தால், வாயு என்று சோடா குடித்துப் பார்க்காமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

தந்தை இப்போது நலமாக இருக்கிறார். அங்காயப்பொடி இன்றும் அவர் இலையில் உண்டு. முழங்கால் வலிக்கு மட்டும் மருத்துவர் எழுதிக்கொடுத்ததைத் தவிர வேறெதையும் அம்மா வீட்டுக்குள் விடுவதில்லை.