ஓசி டிக்கெட்னா நஷ்டஈடு கிடையாதா?

கேள்வி: வணக்கம் மேடம், எனக்கு வயசு 38, வீட்டுலயே டெய்லரிங் பண்றேன். நாலு மாசம் முன்னாடி டவுன் பஸ்ல போயிட்டிருந்தப்ப பஸ்சும் எதிர்ல வந்த லாரியும் மோதிடுச்சு, வலது மணிக்கட்டு உடைஞ்சு பிளேட் வச்சிருக்காங்க. கத்தரிக்கோல் அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்ல பிடிக்க முடியல. பஸ் டிரைவர் லாரி மேல தப்புங்கறார், லாரிக்காரங்க பஸ் மேலங்கறாங்க. விசாரிக்கப் போன என் வீட்டுக்காரர்கிட்ட "லேடீஸ் ஃப்ரீ டிக்கெட்தானே, அதுக்கு என்ன நஷ்டஈடு"ன்னு ஒருத்தர் கேட்டு, பத்தாயிரம் தர்றோம் எழுதிக் குடுத்துடுங்கன்னாராம். வாங்கிக்கலாமா? — பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: எழுதிக் குடுக்காதீங்கம்மா. வெறும் பேப்பர்லயும் சரி, ஸ்டாம்ப் பேப்பர்லயும் சரி, வேணாம்.

ஃப்ரீ டிக்கெட்டுக்கும் நஷ்டஈட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நஷ்டஈடு நீங்க குடுத்த காசுக்காக வர்றதில்ல, வண்டியை அஜாக்கிரதையா ஓட்டுனதுக்காக வர்றது. ரோட்டோரம் சும்மா நின்னுட்டிருந்த ஆள் மேல பஸ் ஏறினா அவர் என்ன டிக்கெட்டா வச்சிருப்பார்? விடியல் பயணத்துல போறவங்களுக்கும் கண்டக்டர் டிக்கெட் கிழிச்சுதான் குடுக்கறார், அந்தச் சீட்டு பர்ஸ்ல கிடந்தா பத்திரமா எடுத்து ஒரு போட்டோவும் எடுத்து வைங்க, தொலைஞ்சு போச்சுன்னாலும் கவலைப்படாதீங்க, ஜி.எச்.ல உங்களைச் சேர்த்தப்ப போட்ட ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியில "பஸ்சில் பயணம் செய்தபோது"ன்னு இருந்தாலே போதும்.

யார் தப்புங்கறது அவங்க ரெண்டு பேரும் அடிச்சுக்க வேண்டிய விஷயம். உள்ள உக்காந்திருந்த பயணி மேல ஒரு தப்பும் இல்லங்கறதால முழுத் தொகையையும் ரெண்டு பேர்ல யார்கிட்ட வேணா வசூல் பண்ணலாம்னு சுப்ரீம் கோர்ட் 2015லயே சொல்லிடுச்சு. ஆனாலும் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துல நஷ்டஈடு கேட்டுப் போடற மனுவுல போக்குவரத்துக் கழகம், லாரி ஓனர், லாரி இன்சூரன்ஸ் கம்பெனின்னு எல்லாரையும் எதிர்மனுதாரரா சேர்க்கச் சொல்லுங்க.

முதல்ல எஃப்.ஐ.ஆர். காப்பியை வாங்கிப் பாருங்க. பஸ் விபத்துல பெரும்பாலும் ஒரு பயணிதான் புகார் குடுத்திருப்பார், காயம்பட்ட மத்தவங்க பேர் விட்டுப்போயிருக்கும். உங்க பேர் இல்லன்னா ஸ்டேஷன்ல போய் வாக்குமூலம் குடுத்து, குற்றப்பத்திரிகையிலயாவது வர்ற மாதிரி பாத்துக்கோங்க.

கெடு விஷயம் முக்கியம். 2022 ஏப்ரல் 1லருந்து, விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு சட்டம். அந்தக் கெடுவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்ல கேஸ் நடக்குது, லேட்டுங்கற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளக்கூடாதுன்னு 2025 நவம்பர்ல இடைக்கால உத்தரவும் வந்திருக்கு, இருந்தாலும் அதை நம்பி உக்காராதீங்க, இன்னும் ரெண்டு மாசம் இருக்கில்ல, போட்டுடுங்க. விபத்து எந்த ஊர்ல நடந்திருந்தாலும் நீங்க குடியிருக்கற ஊர் தீர்ப்பாயத்துலயே போடலாம்.

இன்னொரு வழியும் சொல்வாங்க. யார் மேல தப்புன்னு நிரூபிக்காமலே, கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் வாங்கற மோட்டார் வாகனச் சட்டத்தோட 164வது பிரிவு. எலும்பு முறிவு கொடுங்காயம்தான், கிடைக்கும். ஆனா அதை செட்டில்மென்ட்டா ஒத்துக்கிட்டா தப்பை நிரூபிச்சு கேக்கற 166வது பிரிவு மனு காலாவதி ஆயிடும். உங்க கேஸ்ல அது நஷ்டம். ஏன்னு கணக்கு போட்டே காட்டறேன், இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க.

மெடிக்கல் போர்டு உங்களுக்கு 25 சதவீதம் ஊனம்னு சர்டிஃபிகேட் குடுக்குதுன்னு வச்சுக்குவோம். நம்ம ஊர் தீர்ப்பாயங்கள்ல ஒரு சதவீதத்துக்கு 3,000லருந்து 5,000 வரைக்கும்னு போட்டுக் குடுக்கற வழக்கம் இருக்கு. 5,000ன்னே வச்சாலும் 1,25,000. அதே 25ஐ "வருமான இழப்பு"ன்னு நிரூபிச்சா என்ன ஆகும்னு பாருங்க. மாச வருமானம் 12,000ன்னு கோர்ட் ஏத்துக்குது, 40 வயசுக்குள்ள சொந்தத் தொழில் பண்றவங்களுக்கு எதிர்கால உயர்வுன்னு 40 சதவீதம் கூட்டணும், 16,800. வருஷத்துக்கு 2,01,600. வருஷ வருமானத்தை எத்தனையால பெருக்கணும்னு வயசை வச்சு ஒரு பெருக்கல் எண் உண்டு, 36லருந்து 40 வயசு வரை அது 15, ஆக 30,24,000. அதுல 25 சதவீதம் 7,56,000, அந்த 2.5 லட்சத்துக்கு மூணு மடங்கு. இது போக ஆஸ்பத்திரி செலவு, வலி வேதனை, சத்தான சாப்பாடு, ஆட்டோ செலவு, கூட இருந்து பாத்துக்கிட்டவங்களுக்குன்னு தனித்தனி தலைப்புல வரும். மனு போட்ட நாள்லருந்து வட்டியும் உண்டு, பெரும்பாலும் 7.5 சதவீதம்.

ஒரே கை, ஒரே சர்டிஃபிகேட், 6 லட்சத்துக்கு மேல வித்தியாசம்! சர்டிஃபிகேட்ல இருக்கற நம்பர் முக்கியமில்ல, அந்தக் காயம் உங்க தொழிலை என்ன பண்ணுதுங்கறதுதான் கேள்வின்னு 2010ல ராஜ்குமார் - அஜய்குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லியிருக்கு. பாடம் எடுக்கற வாத்தியாருக்கு மணிக்கட்டு மடங்கலன்னா பொழப்பு ஓடிடும், டெய்லருக்கு ஓடாது. நம்பரை விட அதிகமா கூட வருமான இழப்பு எடுக்கலாம்.

அதனால டாக்டர் சாட்சி சொல்றப்ப "25 சதவீதம்"னு மட்டும் சொல்லிட்டு இறங்கிடக்கூடாது, கத்தரிக்கோல் பிடிக்க முடியுமா, பிடி எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு உங்க வக்கீல் அவர் வாயால வரவைக்கணும். வருமானத்துக்கு ஐ.டி. ரிட்டர்ன் இல்லையேன்னு பயப்படாதீங்க. ஒரு காய்கறி வியாபாரிக்கு எந்தக் காகிதமும் இல்லாமலே மாசம் 6,500 வருமானம்னு 2014ல சுப்ரீம் கோர்ட் எடுத்துச்சு, அதுவும் 2008ல நடந்த விபத்துக்கு. உங்ககிட்ட அளவு நோட்டு இருக்கும்ல? மார்பு, தோள், கை நீளம், பக்கத்துல தேதி, கூலி, அட்வான்ஸ்னு எழுதி வச்சிருப்பீங்க. விபத்து நடந்த தேதி வரைக்கும் பக்கம் பக்கமா ஓடி அதுக்கப்பறம் வெத்தா கிடக்கற அந்த நோட்டு நல்ல ஆவணம். ஜிபே ஸ்டேட்மென்ட், மெஷின் வாங்குன ரசீது, ரெகுலரா தைக்கக் குடுக்கற ரெண்டு பேரோட சாட்சி எல்லாத்தையும் சேருங்க.

ஃபீஸ் கட்ட வழியில்லன்னா ஜில்லா கோர்ட் வளாகத்துல இருக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, வக்கீல் இலவசம். 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். "வர்ற தொகையில 20 பர்சென்ட் எனக்கு"ன்னு பேசற வக்கீலைத் தவிர்த்துடுங்க, பார் கவுன்சில் விதியே அதை அனுமதிக்கல (என் சக வக்கீல்கள் கோவிச்சுக்குவாங்க, பரவால்ல).

கேள்வி: என் தம்பி படியில நின்னு போனப்ப பஸ் திடீர்னு திரும்பி கீழ விழுந்து கால் முறிவு. படியில தொங்கினா ஒண்ணும் கிடைக்காதுங்கறாங்களே? — கடலூர் வாசகர்

பதில்: ஒண்ணுமே கிடைக்காதுன்னு இல்ல, குறையும். இவர் மேலயும் இவ்வளவு பங்கு தப்புன்னு சொல்லி அந்த சதவீதத்தைக் கழிப்பாங்க. உள்ள நிக்கவே இடமில்லாத அளவுக்கு ஆள் ஏத்தினாங்களா, கண்டக்டர் பாத்துட்டும் விசில் குடுத்தாரா, இதுக்கெல்லாம் கூட வந்தவங்க யாராவது சாட்சி சொன்னா கழிவு குறையும்.

கேள்வி: அப்பாவுக்கு பஸ் விபத்துல தீர்ப்பாகி ரெண்டு வருஷம் ஆச்சு, பைசா வரல. — விழுப்புரம் வாசகர்

பதில்: முதல்ல கோர்ட்ல பணம் டெபாசிட் ஆயிருக்கான்னு பாருங்க. பாதி கட்டி அப்பீல் போயிருப்பாங்க, அது அக்கவுன்ட்ல கிடக்கும், நீங்க மனு போட்டாதான் கைக்கு வரும். எதுவுமே கட்டலன்னா, தீர்ப்புப்படி பணத்தை வசூல் பண்ணிக் குடுக்கச் சொல்லி நிறைவேற்று மனு போடுங்க. அரசு பஸ்சை ஜப்தி பண்ணாங்கன்னு பேப்பர்ல படிக்கிறோம்ல, அது இந்த மனுவுலதான். கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பயணிகளை இறக்கிவிட்டு வண்டியை கோர்ட்டுக்கு ஓட்டிட்டுப் போவார். அதுக்கப்பறம் அதிகாரிகள் தவணை கேட்டு வருவாங்க. தவணை குடுத்தாலும் வட்டியை விட்டுக்குடுக்காதீங்க, பணம் கட்டற நாள் வரைக்கும் அது ஓடிட்டேதான் இருக்கும்.