மகன் பெயர் அகோரம்: மாற்றித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: மாமனார் பெயர் என்பதால் மகனுக்கு அகோரம் என்று வைத்தோம். பிளஸ் டூ படிக்கிறான். பேப்பரில் ‘கோர விபத்து’ என்று வந்தால்கூட நண்பர்கள் கிண்டல் செய்கிறார்களாம். பெயர் ராசி பார்ப்பவர் ஒருவர், ‘பயங்கரம் என்று அர்த்தம், உடனே மாற்றுங்கள், எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்’ என்கிறார். என்ன செய்வது? (ஒரு தாய், சீர்காழி)

பதில்: முதலில் அந்த ஆளுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். அவர் சொன்ன அர்த்தமே தப்பு.

கோரம் என்பது வடமொழிச் சொல், பார்த்ததும் பதறவைப்பது. முன்னால் ‘அ’ சேர்ந்தால் எதிர்ப்பதம். நீதி, அநீதி, சுத்தம், அசுத்தம். அப்படித்தான் அகோரம் என்றால் பயங்கரம் இல்லாதது, சாந்தமானது. சிவனைத் துதிக்கும் வேத மந்திரமான ஸ்ரீருத்திரத்தின் ஆரம்பத்திலேயே அவருடைய மங்களமான திருமேனியைச் சொல்லும்போதுதான் ‘அகோரா’ வருகிறது. சிவனின் ஐந்து முகங்களில் தெற்கு பார்த்த முகத்துக்கும் இதே பெயர். அந்த முகத்துக்கான மந்திரம் அகோர வடிவங்களுக்கும் கோர வடிவங்களுக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரித்துச் சொல்வானேன்?

சரி, அப்புறம் ஏன் ‘அகோரப் பசி’ என்கிறோம்? பேச்சில் அர்த்தம் தலைகீழாகப் போனது நிஜம்தான். உங்கள் பக்கத்துத் திருவெண்காட்டுச் சிவன் கோயிலிலேயே பாருங்கள், அகோரமூர்த்தி எட்டுக் கைகளோடு ஆயுதம் ஏந்தி உக்கிரமாக நிற்கிறார். மருத்துவாசுரன் நந்தியைச் சூலத்தால் குத்தியதால் வந்த கோபம் என்கிறது தலபுராணம். அந்தக் குத்துக் காயங்களை நந்தியின் உடம்பில் இன்றைக்கும் காட்டுவார்கள். பெயரோ சாந்தம், கோலமோ உக்கிரம். தலைமுறை தலைமுறையாக இதைப் பார்த்த ஜனங்களுக்குப் பெயரிலேயே உக்கிரம் ஏறிவிட்டது, முன்னால் நிற்கும் ‘அ’ மறுப்பாகக் கேட்காமல் அழுத்தமாகக் கேட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்த வழக்கு பசி, தாண்டவம் மாதிரிச் சொற்களுக்கு முன்னால் வரும்போதுதான். ஆளைக் கூப்பிடும்போது அது சாமி பெயர். உங்கள் மாமனாருக்கு வைத்தவர்கள் பசியை நினைத்தா வைத்திருப்பார்கள்?

இந்தப் பெயர் ராசிக்காரர்கள் விஷயத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. பெற்றவர்களைப் பயமுறுத்தி, ஆங்கில ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்புறம் ஆதார் ஒரு மாதிரி, மார்க் ஷீட் ஒரு மாதிரி, பேங்க் பாஸ்புக் இன்னொரு மாதிரி என்று கவுண்டர் கவுண்டராக அலைவது பிள்ளைதான். ஒற்றை எழுத்து வித்தியாசத்துக்கு இத்தனை அலையவிடும் நிர்வாகத்தை என்ன சொல்வது!

பையனே பிடிவாதமாக மாற்றச் சொன்னால் கெசட்டில் வெளியிட வேண்டும். அதற்குத் தமிழ்நாடு அரசின் எழுதுபொருள் அச்சுத்துறையில் படிவமும் கட்டண விவரமும் இருக்கின்றன. நீங்களே விண்ணப்பிக்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் திருவெண்காட்டுக்குக் கூட்டிப்போங்கள். அகோரமூர்த்திக்கு அன்றைக்குத்தான் விசேஷ பூஜை, தன் பெயரை ஊரே கும்பிடுவதை அவனே நின்று பார்க்கட்டும்.