விலங்கு சொல்லும் வரலாற்றுக் கதையால் குழந்தைக்கு வாசிப்பு வருமா?

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள், புதுச்சேரியில் இருக்கிறோம். தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசித்துவிடுகிறாள். என்ன படித்தாய் என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிறாள். ஒரு மாடோ பூனையோ சொல்வதுபோல எழுதிய வரலாற்றுக் கதைகளைக் கொடுத்துப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். இதில் பயன் உண்டா? எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்:

பயன் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: கதை சொல்லும் அந்த மாட்டுக்கு வரலாறு தெரிந்திருக்கக் கூடாது.

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு வாசிப்பு சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் மகளைப் போன்றவர்கள்தான் என்னிடம் அதிகம். எழுத்தே தெரியாத பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாம், வரிக்கு வரி தடுக்கி நிற்கும். இவர்கள் தடுக்குவதே இல்லை. அதனால் நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று பேரும் வாங்கிவிடுவார்கள். கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-ல் வாசிப்பை இரண்டு திறன்களின் பெருக்கல் என்று சொன்னார்கள்: எழுத்தைப் பார்த்துச் சொல்லாக்குவது ஒன்று, சொன்னதை விளங்கிக்கொள்வது இன்னொன்று. பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான். உங்கள் மகளுக்கு முதலாவது கைவந்துவிட்டது. இன்னும் வேகமாக வாசி, இன்னும் சத்தமாக வாசி என்று விரட்டுவதில் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை.

இரண்டாவதை வளர்க்கத்தான் மாடும் பூனையும். விலங்குக் கதை என்றதும் நமக்குப் பஞ்சதந்திரம் ஞாபகம் வரும். அதில் வரும் நரியும் சிங்கமும் மனிதர்களைவிட விவரமானவை. யோசனை சொல்லும், சூழ்ச்சி செய்யும், கடைசியில் நீதியும் வந்துவிடும். குழந்தை கண்டுபிடிக்க மிச்சம் வைப்பது குறைவு. நமக்கு வேண்டியது வேறு வகை. கண்ணால் பார்த்ததையும் மூக்கால் மோந்ததையும் மட்டும் சொல்லிவிட்டு, காரணம் தெரியாமல் நிற்கிற விலங்கு. காரணத்தைக் குழந்தைதான் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்கிறேன். 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட அளவுதான் விசேஷம்: பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை. சென்னையிலிருந்து பெரிய பீரங்கியைக் கொண்டுவந்து பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். குண்டு உப்பலவாடியிலிருந்து என் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளே இருக்கிறார்கள், இந்தக் கதையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதைப் பாடமாகச் சொன்னால் மூன்று வரி. வண்டிமாடு சொல்வதாக நான் எழுதிக் கொடுப்பது இப்படி:

"காலையில எனக்குத் தண்ணி காட்டல. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுது. எங்க வீட்டு ஆளுங்க செருப்பு இல்ல, கனமா விழுந்துது. கழுத்துல நுகத்தடிய வச்சாங்க. பின்னால ஏத்துனது நெல்லு மூட்ட இல்ல. நெல்லுன்னா வழி பூரா வாசன வரும். இதுல வாசனையே இல்ல. வெயில் ஏற ஏறச் சுட்டுது. மேட்டுல நிறுத்தி அவுத்து உட்டாங்க. அப்புறம் எல்லாரும் காதப் பொத்திக்கிட்டாங்க. காதப் பொத்த எனக்குக் கை இல்ல."

கடைசி வரியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் அதுவரை போவதற்கு முன்பே, "வெயில் ஏற ஏறச் சுட்டுது" என்ற இடத்தில் நிறுத்திவிடுவேன். வண்டியில் என்ன இருக்கிறது? ஒரு பையன் உப்பு மூட்டை என்றான். தேவனாம்பட்டினத்து மீன்பிடிக் குடும்பத்துப் பையன் ஒருவன் கப்பல் நங்கூரம் என்றான். நான் சரி தப்பு எதுவும் சொல்லவில்லை. "எந்த வரியில இருக்கு, காட்டு" என்று மட்டும் கேட்டேன். உப்புக்காரனால் வரி காட்ட முடியவில்லை. நங்கூரக்காரன் இரண்டு வரியைத் தொட்டுக் காட்டினான்: வாசனை இல்லை, வெயிலில் சுடுகிறது, அப்படியென்றால் இரும்பு. அதுவரை படித்ததற்கு அது முழுக்கச் சரியான விடை. பிறகு மீதியைப் படித்ததும் பக்கத்தில் இருந்த பெண் திரும்பி, "நங்கூரத்துக்கு எவனாவது காதப் பொத்துவானாடா?" என்றாள். அவனே யோசித்துப் பீரங்கி என்றான். மாடு கடைசிவரை அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை.

என் முறை என்று ஏதாவது உண்டென்றால் இந்த ஒரு கேள்விதான்: எந்த வரியில் இருக்கிறது? குழந்தை ஊகிக்கிறது, ஊகத்துக்கு வரியைக் காட்டுகிறது, அடுத்த வரி வந்து ஊகத்தை உடைத்தால் மாற்றிக்கொள்கிறது. நாம் பெரியவர்கள் நாளிதழ் படிக்கும்போது நமக்கே தெரியாமல் செய்கிற வேலை இது. "நல்லா இருந்துச்சா? கதையில வர்ற மாடு பேரு என்ன?" என்பது போன்ற கேள்விகளை விட்டுவிடுங்கள். அவற்றுக்கு விடை சொல்லக் கதை புரிய வேண்டியதில்லை.

கடையில் கிடைக்கிற சில புத்தகங்களில் மாடே "கி.பி. 1690-ஆம் ஆண்டு, அப்போதைய சென்னை கவர்னர் எலிஹு யேல்" என்று ஆரம்பித்துவிடும் வகை உண்டு. பாடப்புத்தகத்துக்குக் கொம்பு முளைத்த மாதிரி இருக்கும். வாங்குவதற்கு முன் நடுவில் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வருஷமும் பட்டப்பெயரும் விலங்கின் வாயிலிருந்தே வந்தால் கீழே வைத்துவிடலாம்.

மாடு ஏன் பேச்சுத் தமிழில் பேசுகிறது என்று சில பெற்றோர் கேட்பார்கள். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வீட்டில் "வந்துட்டாங்க" என்று பேசுகிற பிள்ளை, புத்தகத்தில் "வந்துவிட்டார்கள்" என்று படிக்க வேண்டியிருக்கிறது. சொற்கள் வேறு சேர்ந்து சேர்ந்து வரும். எழுத்தைப் பிரித்து, சொல்லைப் பிரித்து, பேச்சாக மாற்றி, அதற்கப்புறம்தான் பொருள். பாதி வழியிலேயே களைத்துவிடும். மாடு வீட்டுத் தமிழில் சொன்னால் கதை நேராக மண்டைக்குள் போய்விடும். அதன்பிறகு அதே சம்பவத்தை எழுத்துத் தமிழில் கொடுக்கிறேன்: "குண்டு விழும் தொலைவு வரையுள்ள ஊர்கள் அனைத்தும் கம்பெனிக்கு உரியவை என்று முடிவு செய்யப்பட்டது." தனியாகக் கொடுத்திருந்தால் இந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பித்துவிட்டுப் போவார்கள். மாட்டைப் படித்துவிட்டு வந்தவர்கள், "அப்ப எங்க ஊரையும் சேத்தா வித்துட்டாங்க? எங்க ஆளுங்கள கேட்டாங்களா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் இதைவிட நல்ல வரலாற்றுக் கேள்வியை எதிர்பார்க்க முடியாது.

அடுத்து, அதே சம்பவத்தை வேறு விலங்கு சொன்னால்? காக்காயைச் சொல்லச் சொல்வேன். மாட்டுக்குத் தெரியாத ஒன்று காக்காய்க்குத் தெரியும்: குண்டு எங்கே போய் விழுந்தது. ஒரு பெண் எழுதியிருந்தாள்: "தூரத்துல ஒரு குழி ஆச்சு. ஒருத்தன் ஓடிவந்து அதுல குச்சி நட்டான்." குச்சி நடுவதைப் பற்றி நான் சொல்லவே இல்லை. எல்லை என்றால் அடையாளம் வைத்தாக வேண்டும் என்பதை அவளாக யோசித்திருக்கிறாள். யார் எங்கே நின்று பார்க்கிறார்கள் என்பதை இதைவிட எளிதாக விளக்க எனக்கு வழி தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கதை ருசித்துவிட்டால் பிள்ளைகள் எல்லாவற்றையும் நடந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் கதை முடிந்ததும் அதில் வந்தவற்றைக் கண்டிப்பாக நடந்தது, நடந்திருக்கலாம், நடக்கவே முடியாது என்று பிரிக்கச் சொல்லுங்கள். கோட்டையை வாங்கியதும் பீரங்கி சுட்டதும் முதல் கணக்கில். மாடு பேசுவது கடைசிக் கணக்கில். இவை இரண்டும் சுலபம். வண்டிமாடு பீரங்கியை இழுத்தது நான் சேர்த்தது, அது நடுக்கணக்கு. அன்றைக்குக் காலையில் தண்ணி காட்டாமல் விட்டது? அதுவும் அங்கேதான். நடுக்கணக்கில் எதை வைக்கலாம் என்று பிள்ளைகள் அடித்துக்கொள்ளும்போது நீங்கள் குறுக்கே போகாதீர்கள்.

நீங்கள் புதுச்சேரி என்பதால் தேவனாம்பட்டினத்தைவிட, பழங்காலத் துறைமுகமான அரிக்கமேடு கிட்டே. கோட்டையைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தது போக மிஞ்சியதுதான் இருக்கிறது. அரிக்கமேட்டுக்கு நான் வைத்திருப்பது பூனை. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டினார். ரோம நாட்டு மண்பாண்டங்களும், இரண்டு கைப்பிடி வைத்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. பாசிமணி செய்யும் வேலை நடந்த தடயமும் உண்டு. அந்த ஜாடிகளில் திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்தன, மீனை ஊறவைத்து எடுத்த ஒரு சாறும் வந்தது. போதாதா? பூனை மீன் வாசனை பிடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு வருகிறது. படகில் மீன் இல்லை. உயரமான ஜாடி இருக்கிறது, அடி கூம்பாக இருப்பதால் மணலில் குத்தி நிறுத்தியிருக்கிறார்கள். தள்ளினால் சாய்கிறது. ஆட்கள் பேசுவது பூனைக்கு வழக்கமாகக் கேட்கும் பேச்சு இல்லை. ஜாடிக்குள் என்ன, அது எங்கிருந்து வந்தது, யார் குடிப்பார்கள் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே போகலாம். பிறகு புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருட்களைக் காட்டுங்கள். அரிக்கமேட்டுக்கே அழைத்துப்போனால் முதலில் கண்ணில் படும் செங்கல் சுவரை ரோமானியர் கட்டியது என்று அவள் சொல்லக்கூடும். அது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் காலத்துக் கட்டடத்தின் மிச்சம். அங்கேயும் மூன்று கணக்கு விளையாட்டுதான்.

யானையை வைத்துச் சொல்லுங்கள் என்று புதுச்சேரிப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பார்கள், மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துபோனதிலிருந்து இன்னும் கூடுதலாகவே கேட்கிறார்கள். என் அனுபவத்தில் யானை அவ்வளவு தோதுப்படவில்லை. அது வந்தால் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அதையே பார்ப்பார்கள். கதை சொல்கிறவர் யார் கண்ணிலும் படாமல் இருப்பது நல்லது. பூனை, ஆடு, தெருநாய், காக்காய், கழுதை எல்லாம் எங்கே வேண்டுமானாலும் நுழையும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஏழாம் எட்டாம் வகுப்புக்குப் போகும்போது இந்த விளையாட்டைத் தலைகீழாகத் திருப்பலாம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு தமிழிலேயே இருக்கிறது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1748-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியதெல்லாம் அந்தக் காலத்தில்தான். அதில் ஒரு நாளைய குறிப்பைப் பெரியவர் துணையோடு படித்துவிட்டு, அவர் வீட்டுக் குதிரை அன்றைக்கு என்ன பார்த்திருக்கும் என்று அவர்களையே எழுதச் சொல்லலாம். அந்தக் காலத்து நடை கரடுமுரடு. நான்காம் வகுப்புக்கு இப்போதே கொடுத்துவிடாதீர்கள்.

அளவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் பத்து வரி தாராளம். முதல் தடவை நீங்கள் வாசியுங்கள், இரண்டாம் தடவை அவள் வாசிக்கட்டும், அப்புறம் புத்தகம் திறந்தே இருக்கட்டும். மூடிவிட்டுக் கேட்டால் அது மனப்பாடப் பரீட்சை ஆகிவிடும், அவள் மறுபடி முழிப்பாள். எழுதுவதெல்லாம் அவளாகக் கேட்டால்தான். பூனைக் கதையை நீங்களே எழுதிக்கொள்ளலாம், பெரிய எழுத்துத் திறமை வேண்டாம். பூனை எதை மோந்தது, எதில் இடித்துக்கொண்டது, எதைப் பார்த்துப் பயந்தது என்று வரிசையாக எழுதினால் பத்து வரி வந்துவிடும்.