ஆக்சென்ட்டை மாத்தணுமா தம்பி?

தம்பி, மீட்டிங்ல நீங்க பேசுனா ரெண்டு மூணு தடவை திரும்ப சொல்ல சொல்றாங்க, ஆக்சென்ட் கிளாஸ் சேரலாமான்னு கேட்டிருந்தீங்க. சேராதீங்க. வெளிநாட்டுல எல்லார் இங்கிலீஷ்லயும் அவங்கவங்க தாய்மொழி இருக்கும், ஜப்பான்காரங்களுக்கு எல்லும் ஆரும் குழம்பும், ஸ்பானிஷ் பேசுறவங்க ஸ்கூலை எஸ்கூல்னு சொல்வாங்க, நம்மளுது டகரம், நாக்கை மடிச்சு சொல்வோம், அதனால அர்த்தம் ஒண்ணும் மாறாது, அது அப்படியே இருக்கட்டும்.

புரியாம போறதுக்கு முக்கியமான காரணம் அழுத்தம். தமிழ்ல ஒவ்வொரு அசைக்கும் கிட்டத்தட்ட சம பலம் குடுப்போம், இங்கிலீஷ்ல ஒரு அசையை மட்டும் தூக்கிட்டு மத்ததை முழுங்கிடுவாங்க, கேக்குறவங்க காது அந்த தூக்குன அசையைத்தான் முதல்ல தேடும். ஹோட்டல்னா நாம முதல் அசையை அழுத்துவோம், அவங்க ரெண்டாவதை. போட்டோகிராப்ல முதல் அசை, போட்டோகிராபர்னு ஆனதும் அழுத்தம் ரெண்டாவது அசைக்கு ஓடிடும். அதனால புது வார்த்தை கத்துக்கிட்டா ஸ்பெல்லிங் கூடவே எந்த அசையில அழுத்தம்னும் டிக்‌ஷனரில பாத்து வச்சுக்கோங்க, மேல ஒரு சின்னக் கோடு போட்டு காட்டியிருப்பான், இது ஒண்ணை சரி பண்ணாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

அடுத்தது காத்து. 'படம்'ங்கிற வார்த்தையில வர்ற ப வேற, 'கம்பம்'ங்கிற வார்த்தையில நடுவுல வர்ற ப வேற, ஆனா நமக்கு எழுத்து ஒண்ணுதான். இங்கிலீஷ்காரங்க வார்த்தை ஆரம்பத்துல இந்த ரெண்டையும் பெரும்பாலும் வாயில இருந்து வர்ற காத்தை வச்சுதான் பிரிக்கிறாங்க, நாம காத்தே விடாம சொல்றதால குண்டூசி பின் கேட்டா குப்பைத்தொட்டி பின்னுன்னு நினைச்சுக்குவாங்க. உதட்டுக்கு முன்னாடி ஒரு துண்டு பேப்பர் பிடிச்சு சொல்லிப் பாருங்க, குண்டூசிக்கு பேப்பர் ஆடணும். ஸ்பின்னுக்கு ஆட வேணாம், எஸ்ஸுக்கு அப்புறம் வந்தா அவங்களும் காத்து விடமாட்டாங்க. டீ, காபி கேக்குறப்பவும் இதே கதைதான்.

சம்மர்ல ரெண்டு எம் இருக்குன்னு இழுத்து அழுத்தாதீங்க, அங்க ஒரு எம் தான் ஒலிக்கும்.

போன்ல புரியலன்னா அதுக்கு முழுக்க உங்க பேச்சு காரணமில்ல. பழைய போன் லைன் சுமார் 300ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் (ஒலி ஒரு செகண்டுல எத்தனை தடவை அதிருதுங்கிற அளவு) வரைக்கும்தான் கடத்தும், எஃப்பையும் எஸ்ஸையும் பிரிச்சுக் காட்டுற ஒலி பெரும்பாலும் அதுக்கு மேலதான் இருக்கு. அங்க பிறந்தவங்களே போன்ல பேர் சொல்றப்ப 'ஏ ஃபார் ஆப்பிள்'ங்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வார்த்தை சேர்த்து சொல்றது உண்டு, நீங்களும் உங்க பேருக்கு அப்படி ஒரு வரிசையை இப்பவே எழுதி வச்சுக்கோங்க.